கேட்காதவளுக்கு எதுக்கு ஆன்டெனா

3-1-1988, ஞாயிறு

இன்றும் வீடு முழுக்க ஆட்கள். அண்ணன் வீடியோ டெக்கில் கேசட் போட்டுப் படம் காட்டினான். அவனுடைய மைக்செட் கடையிலிருந்து ஆம்பிளிபயரையும் இரண்டு பெட்டி ஸ்பீக்கரையும் கொண்டுவந்து டி.வி.யோடு சேர்த்ததிலிருந்து சமயநல்லூரில் பாதிப் பேருக்கு எங்கள் வீடுதான் தியேட்டர். ‘மதுரைத் தியேட்டர்ல கூட இம்புட்டுச் சத்தம் வாராதுல்ல மாப்ள?’ என்று அவன் பெருமையடிப்பதை உதட்டில் பார்த்தேன். எனக்குச் சத்தம் தரை வழியாகக் காலுக்கு வரும். அவ்வளவுதான். ஆறு வயதில் வந்த காய்ச்சலில் காது போனது. இருபது வருடமாக உதட்டைப் பார்த்தே பிழைப்பு ஓடுகிறது. சினிமாவில் பாதி நேரம் முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்கள். என்ன கதை என்று மதினியிடம் கேட்டேன். ‘அப்பறம் சொல்றேன்’ என்றாள். சொல்லவில்லை.

6-1-88

முத்துத்தாயிடமிருந்து கடிதம். காது கேளாதோர் பள்ளி விடுதியில் ஐந்து வருடம் எனக்கு அடுத்த பாயில் படுத்தவள். இப்போது மதுரையில் ஒரு அச்சாபீசில் வேலை. ஞாயிற்றுக்கிழமை மதியம் டில்லியிலிருந்து நமக்கென்றே டி.வி.யில் செய்தி வருகிறதாம். ஒரு அம்மா முழுச் செய்தியையும் கையாலேயே சொல்கிறாளாம். ‘உங்க வீட்டில்தான் டி.வி. இருக்கிறதே, பார்த்தாயா?’ என்று எழுதியிருக்கிறாள்.

டி.வி. இருக்கிறது. ஆன்டெனா இல்லை. டெக்கில் படம் போடத்தான் அண்ணன் வாங்கினான். பிறகு எங்கிருந்து செய்தி வரும்?

7-1-88

கேட்டேன். சிரித்தான். ‘கேக்காதவளுக்கு எதுக்குத்தா ஆன்டெனா?’

மெதுவாக, வாயை நன்றாகத் திறந்து சொன்னான், எனக்குப் புரிய வேண்டுமென்று! வேறு எதையும் இவ்வளவு பொறுமையாக என்னிடம் சொன்னதில்லை. கொடைக்கானல் டவர் தூரமாம், கரகரவென்று இரைச்சல் வருமாம், அவன் செட்டுக்கு அது அசிங்கமாம்.

யாருக்கு இரைச்சல்? எனக்கா?

9-1-88

இரண்டு நாளாக அண்ணனோடு பேசவில்லை. அவன் அதைக் கவனிக்கவே இல்லை.

18-1-88

பொங்கலுக்கு ஊரார் ரவிக்கையெல்லாம் தைத்ததில் கையில் கொஞ்சம் சேர்ந்திருந்தது. ரேடியோ மெக்கானிக் மலையாண்டியண்ணனிடம் நானே போனேன். ஆன்டெனா, பூஸ்டர், இருபதடிக் குழாய் என்று எழுதிக் காட்டினேன். ‘ஒங்கண்ணன் பேயாண்டிக்குத் தெரியுமா?’ என்றார். ‘என் காசு’ என்று எழுதினேன்.

வீட்டில் ஒரே ரகளை. ‘மைக்செட்டுக்காரன் வீட்ல இன்னொருத்தன் வந்து வயர் இழுக்கிறதா? ஊர்ல என்னைய என்ன பேசுவாய்ங்க?’ இதுதான் அவன் மானப் பிரச்சினை! என் ஆசை ஒரு பொருட்டில்லை, வயர் இழுப்பது யார் என்பதுதான் பெரிசு. அப்படின்னா நீயே மாட்டு என்றேன். கத்திவிட்டேன் போலிருக்கிறது. எதிர்வீட்டுக்காரி எட்டிப் பார்த்தாள். பார்க்கட்டும்.

23-1-88, சனி

மாட்டினான். மாட்டின லட்சணம்!

கீழே ஸ்பீக்கரை முழுச் சத்தத்தில் வைத்துவிட்டு மாடியில் நின்று குழாயைத் திருப்பினான். காதை வைத்தே திருப்பினான். சத்தம் தெளிந்ததும் கட்டிவிட்டு இறங்கி வந்து, ‘ஜோரா இருக்கு’ என்றான். திரையில் ஒரே புள்ளி, உளுந்தைக் கொட்டினது மாதிரி. நிற்பது ஆளா மரமா தெரியவில்லை. படத்தைப் பார் என்று கையை நீட்டினேன். ‘அதான் தெளிவாக் கேக்குதே!’

இவனுக்குக் கண் எதுக்கு?

24-1-88, ஞாயிறு

மதியம் அந்த அம்மா வந்தாள். கை இருப்பது தெரிகிறது. விரல் தெரியவில்லை. செய்தி முடியும்வரை புள்ளிகளுக்குள் விரலைத் தேடிக்கொண்டே இருந்தேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அழுகை இல்லை, ஆத்திரம். சரி, அழுகையும்தான்.

30-1-88, சனி

சாயங்காலம் ஒளிபரப்பு தொடங்கியதும் நானே மாடி ஏறினேன். ஏறிய பிறகுதான் உறைத்தது. மாடியில் நிற்பவளுக்குக் கீழே இருக்கிற படம் தெரியாது. மற்ற வீடுகளில் ‘வந்துருச்சு, போயிருச்சு’ என்று கீழிருந்து கத்துவார்கள். எனக்கு யார் கத்தி என்ன? குழாயைப் பிடித்தபடி நின்றேன். இதைக்கூட யோசிக்காத என் புத்தியை என்ன சொல்ல!

மதினி என்ன நினைத்தாளோ, வாசற்படி தாண்டி முற்றத்துக்கு வந்தாள். அங்கே நின்றால் அவளுக்கு டி.வி.யும் தெரியும், நானும் தெரிவேன். கையைத் தூக்கினாள் - படம் நன்றாக வருகிறது. தொங்கப் போட்டாள் - போய்விட்டது. நாங்கள் எதுவும் பேசி வைத்துக்கொள்ளவில்லை. நான் விரற்கடை திருப்புவதும் அவளைப் பார்ப்பதுமாக அரைமணி நேரம். கடைசியில் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி ஆட்டினாள். வாக்கப்பட்டு வந்த ஏழு வருடத்தில் அவள் என்னோடு இவ்வளவு நேரம் பேசியதே இல்லை.

அண்ணன் வந்து, ‘சத்தம் லேசா இரையுதே’ என்று மாடிப்படிப் பக்கம் போனான். மதினி குறுக்கே நின்றாள். ‘குழாயத் தொட்டீகன்னா இன்னைக்குச் சோறு கெடையாது.’ திரும்பி வந்து உட்கார்ந்துவிட்டான்.

31-1-88, ஞாயிறு

விரல் தெரிந்தது. ஒவ்வொரு விரலும்!

எங்கேயோ ரயில் நின்றுவிட்டது, எங்கேயோ பனியில் ஆட்கள் செத்திருக்கிறார்கள், ஒரு மந்திரி வெளிநாடு போகிறார். சில சைகைகள் எங்கள் பள்ளியில் போடுகிற மாதிரி இல்லை. மற்றதெல்லாம் புரிந்தது. யார் உதட்டையும் கெஞ்சிப் பார்க்காமல், உலகத்துச் சங்கதி நேராக எனக்கு வந்தது.

முடிகிற நேரத்தில் திரும்பினால், அண்ணனும் அவன் கூட்டாளிகளும் முழித்துக்கொண்டிருக்கிறார்கள். கூடவே வருகிற பேச்சு ஹிந்தியாம். ஒருத்தருக்கும் ஒரு வார்த்தை தெரியாது. ‘என்னத்தா சொல்றாக?’ என்றான் அண்ணன்.

மறைக்காதே, தள்ளு என்று கையை மட்டும் காட்டினேன்.

7-2-88, ஞாயிறு

இன்றும் கேட்டான். சொல்லவில்லை. மனசு வரவில்லை. அன்றைக்கு அப்படிச் சொன்ன வாய்தானே? மதினிக்கு மட்டும் அடுப்படியில் வைத்து எல்லாம் சொன்னேன். அவன் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.

14-2-88, ஞாயிறு

செய்தி தொடங்கியதும் அண்ணன் எழுந்து போய் ஆம்பிளிபயரை அணைத்தான். கூட்டாளி ஒருத்தர் ஏதோ சொன்னதற்கு, ‘அது கெடக்கு மாப்ள’ என்றான். டி.வி.க்கு முதுகைக் காட்டி, என் முகத்துக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்தான். ‘நான் சொன்னது தப்புத்தான். இப்பச் சொல்லுத்தா.’

சொன்னேன். புரியாத இரண்டு சைகைக்கு நானாகவே ஏதோ சேர்த்தும் சொன்னேன். தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுக்கொண்டான்.