மூன்று மணி விண்ணப்பம்

அன்பு மனைவிக்கு,

நான் நலம். உன் முழங்கால் எப்படி இருக்கிறது? மாடிப்படி ஏறாதே. அறுவைச் சிகிச்சைக்கு முன் எப்படியும் வந்துவிடுவேன்.

நான் பிழை பார்க்கும் இந்த அலுவலக வலைத்தளத்தில் ஒரு வேடிக்கை. தினமும் பகல் மூன்று மணிக்கு ஒரு விடுப்பு விண்ணப்பம் வந்து, ‘அனுமதி இல்லை’ என்று திரும்பிப் போகும். பள்ளிக்கூடத் தேர்வில் மேற்பார்வையாளர் கையெழுத்தில்லாத விடைத்தாளை நாங்கள் வாங்க மாட்டோமே, அதுபோல இங்கே ஒவ்வொரு படிவத்திலும் தளம் கொடுத்த ரகசியக் குறி இருக்க வேண்டும். இதிலிருந்ததோ போன வருடக் குறி. விடுப்புக்குக் காரணம், ‘வீட்டுக்குப் போக வேண்டும்.’

அது எந்தக் கணினியிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துக் காவலாளியிடம் கேட்டேன்.

“அதுவா சார்? அதுல உட்கார்ந்திருந்தவரு லீவு கேட்டுக் கேட்டே போய்ச் சேர்ந்துட்டாரு. ஒயரைக்கூடப் புடுங்கி வச்சாச்சே!”

அதன் முன்னே நாங்கள் நிற்கும்போதே மணி மூன்றானது. தளத்துக்கு விண்ணப்பம் வந்தால் மணியடிக்கும் என் கைபேசி ஒலித்தது. அதே விண்ணப்பம், அதே குறி.

பயப்படாதே. புதுக் குறி போட்டு நானே அதை ஏற்றுக்கொண்டேன். பிறகு வரவில்லை.

கண்ணாடிக்குக் கயிறு அனுப்பு. முடிந்தால் மூன்று மணி வாக்கில் கூப்பிடு. என் விடுப்பை மட்டும் தாளில் எழுதி மேலாளர் கையிலேயே கொடுத்துவிட்டேன். பதில்தான் இன்னும் இல்லை. மணி மூன்றாகப் போகிறது, முடிக்கிறேன்.

உன் வாத்தியார்