வல்பரைசோவில் இலக்கச் சீட்டு

15 ஜனவரி 1989, ஞாயிறு இரவு. இஷொய், டென்மார்க்.

மேல்வீட்டுச் சிலி நாட்டவர் மனுவெல், பல ஆண்டுகளுக்குப் பின் குடும்பத்தோடு தம் ஊரான வல்பரைசோத் துறைமுகத்தைச் சுற்றிப்பார்த்த படங்களை இன்று சுவரில் காட்டினார். நானும் அறைத்தோழன் சிவமும் போயிருந்தோம். முதலில் படகுச் சவாரி, பிறகு கம்பிவடம் இழுக்க மலையேறும் வண்டி. டென்மார்க்கில் பிறந்த அவருடைய பிள்ளைகள், இங்குள்ள பேக்கரிகளில் இருப்பதுபோல் முறைக்குக் காத்திருக்க இலக்கச் சீட்டுத் தரும் பொறியை அங்கே தேடி, வண்டியைத் தவறவிட்டார்களாம். எல்லோரும் சிரித்தோம்.

வண்டியில் எத்தனை பேர் ஏறலாம் என்று கேட்டேன். நான், மனைவி, மகள் என மூவர் வருவோம் என்றேன்.

சிவம் தமிழில் சொன்னான்: "அண்ணை, அண்ணியும் பிள்ளையும் யாழ்ப்பாணத்திலையிருந்து இஞ்சை வரவே விசா இல்லை. நீங்கள் சிலிக்குக் கூட்டிக்கொண்டு போகப்போறியளோ? விண்ணப்பம் குடுத்து ரெண்டு வருசமா குடிவரவுத் திணைக்களம் வாய் திறக்கேல்லை. ஆக்களைக் கடத்திக் கொண்டுவாற ஒரு ஏஜென்டைப் பிடியுங்கோ."

"குடும்பத்தைக் கூப்பிட இந்த நாட்டுச் சட்டம் தந்த உரிமையை நான் களவா எடுக்கமாட்டன்."

"அப்ப அந்தப் பிள்ளையள் மாதிரி நிண்டுகொண்டே இருங்கோ."

அது இன்னும் உறுத்துகிறது. அந்தப் பிள்ளைகளிடம் சீட்டு இல்லை, என்னிடம் இருக்கிறது: அந்தச் சட்டம். பேக்கரியில் என் இலக்கத்தைத் தாண்டி அடுத்தவரை அழைத்தால் பேசாமல் வெளியேறுவேனா?

நாளை திணைக்களத்துக்குப் போவேன். எந்தச் சட்டப் பிரிவின்படி என் குடும்பத்தைத் தடுத்து வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். பதில் வரும்வரை கதிரையை விட்டு எழமாட்டேன்.

மகளுக்கு உயரமென்றால் பயம். அந்த வண்டியில் அவளை எங்கள் இருவருக்கும் நடுவில் இருத்தவேண்டும்.