ஆறு நிமிஷத்தில் முடிந்த எட்டு நிமிஷப் பாட்டு

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே மூவரும் நலம், உன் அப்பாவின் முழங்கால் நீங்கலாக. நீ வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இத்தனை தூரத்திலிருந்து நம்புவதைத் தவிர வேறென்ன செய்ய.

உன் தம்பியின் பாட்டு ஒருவழியாக இசைத்தட்டாக வந்துவிட்டது. நீ கோபித்துக்கொண்டு போன அதே ராக் பாட்டுதான், தாளம் ஏழு ஏழாக நொண்டுமே, நடுவில் ஆர்கன் மட்டும் இரண்டு நிமிஷம் அழுமே, அது. எட்டு நிமிஷத்தை ஆறாகக் குறைடா என்று நீ சொல்ல, ஒரு விநாடிகூடக் குறைக்க மாட்டேன் என்று அவன் முறுக்கிக்கொள்ள, நீ டிரம்ஸை மட்டும் வாசித்துக் கொடுத்துவிட்டு வேலை கிடைத்த ஊருக்குப் பெட்டி கட்டினாய். அந்த டிரம்ஸின் மேல்தான் இரண்டு வருஷமாக மற்றதை எல்லாம் ஒவ்வொன்றாகப் பதிவு செய்தான், நம் சலவைக்கடைப் பின்னறையில்தான், வேறெங்கே. எதிரொலி வரக்கூடாதாம், வாடிக்கையாளர்களின் கோட்டுகளைச் சுவர் மறைய மாட்டிவைத்துவிட்டான். வக்கீல் தன் கோட்டைக் கேட்டு வந்தபோதெல்லாம் இன்னும் காயவில்லை என்று கூசாமல் பொய் சொன்னேன். நாலாம் நாள் அவர், உலர்சலவைன்னுதானேம்மா போர்டு மாட்டியிருக்கீங்க, இதுல காயறதுக்கு என்ன இருக்கு என்று கேட்டார். என் மானம் கப்பலேறியது.

சின்னத் தட்டில் எட்டு நிமிஷம் அடங்க வேண்டுமென்றால் மெதுவாகச் சுற்றும்படி பதிக்க வேண்டுமாம். மெதுவான வேகத்தில் போடவும் என்று உறையின் பின்னால் அச்சடித்திருந்தான், எறும்புக்கே கண்ணாடி வேண்டும், அத்தனை சின்ன எழுத்து. வானொலிக்காரர் அதைப் படிக்காமல், சின்னத் தட்டுக்கு எப்போதும் வைக்கிற வேகத்தில் போட்டுவிட்டார். பாட்டு ஆறே நிமிஷத்தில் முடிந்தது. உன் தம்பியின் குரல் வால் மிதிபட்ட எலிபோலக் கேட்டது, நான் சிரித்த சிரிப்பில் ஒரு சட்டைக் காலர் இஸ்திரிப் பெட்டிக்கடியில் கருகிப்போனது. அவன் பேயறைந்த மாதிரி உட்கார்ந்திருந்தான். ஆனால் ஊருக்குப் பிடித்துவிட்டது. முந்நூறு தட்டும் ஒரே வாரத்தில் போயின, வாங்கியவர்களில் பாதிப்பேர் திரும்பி வந்து தட்டு பழுது, பாட்டு இழுக்குது என்றார்கள். வேகமாகச் சுற்றவிடுங்கள் என்று அவன் முதுகுக்குப் பின்னால் நானே சொல்லி அனுப்பினேன்.

இப்போது அடுத்த மாதம் இருபதாம் தேதி நகர மண்டபத்தில் மேடை தருகிறார்கள். மண்டபத்துக்காரர் வேகமான பாட்டைத்தான் கேட்கிறார், டிரம்ஸுக்கு மெஷின் வைத்துக்கொள்ளலாம் என்கிறார். இவன் முடியாது என்கிறான். இந்த மாதக் கடைசிக்குள் அதற்கு ஒத்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மெதுவான பாட்டுக்கே டிரம்ஸ் வாசிக்க ஓர் ஆளைக் காட்ட வேண்டும், இரண்டும் இல்லாவிட்டால் மேடை வேறொருவனுக்கு. மூன்று பேர் வந்து வாசித்துப் பார்த்தார்கள், அதில் ஒரு பல் டாக்டர் ஏழு எண்ணுவதற்குள் ஐந்திலேயே தொலைந்துபோனார். ஊரே வேகமா கேக்குதுன்னா வேகமா பாடிட்டுப் போயேன்டா, என்ன வீம்பு இது என்று உன் அப்பா கத்தினார். நானும் அவர் கட்சிதான், மறைக்கவில்லை. அவன் தலையைத் தூக்காமலே, அது அக்கா வாசிச்ச வேகம்ப்பா, நான் வாசிச்சதை எப்படி வேணா மாத்திக்கறேன், அதுல கைவைக்க மாட்டேன் என்றான். இரண்டு வருஷம் தினமும் அந்த அறையில் அவன் திரும்பத் திரும்பக் கேட்டது உன்னைத்தான் என்பது இந்த மரமண்டைக்கு அன்றுதான் உறைத்தது.

கூப்பிடேன்டா என்றால், அவதானே போனா, அவளே பேசட்டும் என்கிறான். நீயும் இதையே சொல்வாய், இரண்டையும் பெற்றவள் நான், எனக்குத் தெரியாதா. பெரியவள் நீ, நீயே இறங்கி வா. மாதக் கடைசிக்குள் அவனுக்கு ஒரு ஃபோன் போடு, பேசும்போது ஆறு நிமிஷம் என்ற வார்த்தையை மட்டும் எடுக்காதே. லீவு கேட்டுப் பார். குளிருக்குக் காதை மூடிக்கொள். ஒரு குறையும் இல்லாமல் நூறு வருஷம் இரு. இருபதாம் தேதி நீ வாசித்தால், எட்டு நிமிஷமும் தூங்கி வழியாமல் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு கேட்பேன், இது சத்தியம்.

இப்படிக்கு,
இரண்டு வீம்புகளைப் பெற்ற உன் அம்மா