அஞ்சடியும் ஒரு கொம்பும்

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள். நீ கண்ணை மூடிய பிறகுதான் கோயில் மண்டபத்து எழுத்து வகுப்பில் சேர்ந்தேன், ஆறு மாதம்தான் ஆகிறது. வரிக்கு வரி நின்று மூச்சு வாங்குகிறேன். இருந்தாலும் உனக்கு நானே எழுதுகிறேன், பார்!

இன்று காலை வாசலில் சிமெண்டு வாசம். இந்த வீட்டுக்குத் தரை போட்ட நாளில் நீ வெறுங்காலோடு நின்றது நினைவுக்கு வந்தது. நம் மகன்தான் கல்லும் மணலும் இறக்கியிருந்தான். என் முழங்கால் மாடி ஏறாது என்று, முன்வாசல் தாழ்வாரமான நம் அஞ்சடியைச் சுவர் வைத்து அடைத்து எனக்கு அறை கட்டப் போகிறானாம்.

நாம் முன்பு இருந்த தோட்டத்து லயத்தில் வரிசையாகப் பத்து வீட்டுக்கும் ஒரே அஞ்சடி. கொட்டும் மழையிலும் நனையாமல் கடைசி வீடு வரை போகலாம். இங்கே புக்கிட் பெலிம்பிங்கில் இந்த வீடு கட்டும்போது நீ அதையேதான் கேட்டாய். "ரூமு சின்னதா இருக்கட்டும். அஞ்சடி மட்டும் ரோட்டப் பாத்து நீளமா இருக்கணும்."

"லயத்த விட்டு வந்தும் லயமா கேக்குற?" என்று சிரித்தேன்.

"மழைக்கு ஒதுங்குறவங்க கதவத் தட்டிக் கேக்கணுமா? நல்லா இருக்காது லா."

கூரையை இன்னும் இரண்டடி இழுக்கச் சொன்னதும் நீதான். இன்றுவரை சாரல் சுவரைத் தொட்டதில்லை. காற்று மட்டும் வருகிறது. அளவு நாடாவைத் தொடாத உனக்கு அது எப்படித் தெரிந்தது?

மகனிடம் வாயால் சொல்ல வரவில்லை. தூணில் சாக்கட்டியால் எழுதினேன்: "அடக்காதே."

மருமகள் படித்துவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "மாமா, யாரு உங்கள அடக்குறது? எலெக்‌ஷன்ல நிக்கப் போறீங்களா? அடைக்காதேன்னா டவுக்குக் கொம்பு போடணும் மாமா!"

மகன் சிரிக்கவில்லை. தூணையே பார்த்துக்கொண்டு நின்றான். "நீங்களா எழுதுனீங்க, அப்பா?" என்றான். பிறகு கல்லையெல்லாம் குசினிப் பக்கம் தள்ளச் சொன்னான். அறை சமையல் கட்டை ஒட்டி, வீட்டின் பின்னால் வருகிறது.

மதியம் மழை பிடித்தது. மோட்டாரில் வரும் மீன்காரர் பெட்டியோடு அஞ்சடியில் ஏறி நின்றார். கதவு சாத்தியே இருந்தது. அவர் தட்டவில்லை.

இந்தக் கடிதத்தில் ஒவ்வொரு கொம்பையும் இரண்டு முறை பார்த்துப் போட்டிருக்கிறேன். விட்டுப்போனது இருந்தால் சிரித்துக்கொள். அடுத்த செவ்வாய், வகுப்பு முடிந்ததும் அஞ்சடியில் இதே இடத்தில் உட்கார்ந்து, திருத்தி எழுதுகிறேன்.