தெருமுனையில் படகு

ஜூலை 8, செவ்வாய்

காற்றே இல்லை. எண்ணூர்ப் பக்கமிருந்து கேஸ் நாற்றம் மட்டும். சைக்கிள் பம்புக்கு வாஷர் வாங்க வேண்டும்.

விடிந்ததும் ரீட்டா அக்காவை ஒரு டிரெய்லர் லாரி சுவரோடு ஒதுக்கிவிட்டது. இடித்ததா, உரசியதா, அவளுக்கே தெரியவில்லை. முழங்கையில் தோல் இல்லை. கேரியரில் கட்டியிருந்த ஐஸ் பெட்டியின் மூடி காணோம். வீடு வீடாகப் போய் ரத்தம் எடுத்து லேபில் கொடுப்பது அவள் வேலை. பாதிப் பேர் எழுந்து நடக்க முடியாத கிழங்கள். அந்த நேரத்துக்கு சைக்கிளை விட்டால் வேறு வழி கிடையாது.

அப்பா சோற்றுத் தட்டைத் தள்ளினார்.

"நாளைலேர்ந்து போவாத. வேலைய வுட்டுடு."

"அத லாரியாண்ட சொல்லு நைனா."

"லாரி இன்னா நான் பெத்த பொண்ணா?"

ஞாயிறு வரை பார்ப்பாராம். தெரு சரியாகாவிட்டால் சைக்கிளுக்குப் பூட்டு. அவளுக்கு இருபத்தேழு வயது.

ஜூலை 9, புதன்

மேகம். தூறல்கூட இல்லை.

மெயின் ரோட்டில் கன்டெய்னர் யார்டுக்கு நிற்கும் லாரி வரிசை நகராவிட்டால் டிரெய்லர்கள் எங்கள் தெருவுக்குள் திரும்பிவிடும். அந்த யார்டு கேட்டில் வண்டி எண் எழுதுபவன் நான். காலையில் தெருவில் திட்டிய வண்டிக்கு மதியம் உள்ளே போகச் சீட்டுக் கொடுக்கிறேன்.

லீவு போட்டு அலைந்தேன். வார்டு ஆபீஸ்: வேகத்தடை போட போலீஸ் சொல்ல வேண்டும். போலீஸ்: வார்டு ஆபீஸ் எழுதித் தர வேண்டும். நகரத்தின் தெற்கே சில தெருக்களில் அகல நடைபாதை, பூந்தொட்டி, உட்கார பெஞ்சு. வாசலிலேயே காரில் ஏறுகிறவர்களுக்கு நடைபாதை. இங்கே ஊரே நடக்கிறது, சாக்கடை மூடி மேல்.

மாலை தெருவே இறங்கிவிட்டது. கப்பலைக் கரையில் பிடித்துக் கட்டும் பழைய வடம், தொடை தடிமன். அதைத் தெருவுக்குக் குறுக்கே கிடத்தி இரண்டு பக்கமும் சிமெண்ட். கரையில் படகு வைத்திருக்கும் அந்தோணி மாமா பூசினார், கலவை நான். கை எரிகிறது. ரொம்ப நாள் கழித்து ஒரு சந்தோஷம்.

ஜூலை 11, வெள்ளி

வெயில். தடை நன்றாக வேலை செய்கிறது, எங்கள் மேல்.

டிரெய்லருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. அத்தனை பெரிய சக்கரங்கள். பைக்குகள் தடையைச் சுற்றி ஓரமாகப் போகின்றன, நடப்பவர்களுக்கு மிச்சமிருந்த அந்த ஒரு முழ இடத்தில்.

அக்கா மதியமே வந்துவிட்டாள். தடை மேல் சைக்கிள் தூக்கிப்போட்டதில் ரத்தம் எடுத்த டியூபுகள் குலுங்கியிருக்கின்றன. குலுங்கினால் ரத்தம் கெட்டுவிடும். லேபில் ஒன்றை வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். படுத்த படுக்கையாக இருக்கிற ஒரு பெரியவரிடம் மறுபடி போய் நரம்பு தேடியிருக்கிறாள்.

"கைய நீட்டிட்டு மூஞ்சிய அந்தாண்ட திருப்பிக்கினாருடா. ஒரு வார்த்த திட்டல. யாரு போட்டது அந்த மேட்ட?"

"நாங்கதான்."

"லாரிய நிறுத்தச் சொன்னா என்னிய நிறுத்திக்கீறீங்க. பெரிய இன்ஜினீருங்க."

கடப்பாரையோடு அவளே போனாள். யாரும் தடுக்கவில்லை. முதலில் வேடிக்கை பார்த்தோம். பிறகு நானும் உடைத்தேன். போட்டதைவிட உடைப்பது கஷ்டம். நல்ல சிமெண்ட்.

ஜூலை 12, சனி

வாஷர் இன்னும் வாங்கவில்லை.

கேட்டில் ஒரு டிரைவர், நாமக்கல் பக்கம். எங்கள் தெரு வழியாகத்தான் வந்திருந்தார். கத்தலாம் என்று வாயெடுத்தேன். கண் ரத்தமாகச் சிவந்திருந்தது.

"நேத்துக் காத்தாலருந்து வரிசைல நிக்கறனுங்க தம்பி. ஒண்ணுக்குப் போகக்கூட எடமில்ல. போன்ல மேப்பு உங்க தெருவக் காட்டுச்சு, பூந்துட்டேன்."

சீட்டைக் கொடுத்தேன். கன்டெய்னர் பெட்டிகள் நிற்க ஏக்கர் கணக்கில் இடம் இருக்கிறது. இவர் நிற்க இடமில்லை, அக்கா போக இடமில்லை. இரண்டு பேரையும் ஒரே சந்தில் முட்டவிட்டவர்கள் எந்த வரிசையிலும் நிற்பதில்லை.

மாலை அந்தோணி மாமாவின் ஃபைபர் படகு கரையிலிருந்து வந்தது. அடியில் விரிசல். படகைத் தெருவில் போட்டு ஒட்டுவது இங்கே வழக்கம்தான், ஓரமாக. அக்கா தெருமுனையிலேயே மறித்தாள்.

"மாமா, இங்கியே குறுக்க போடு. சைக்கிள் போற சந்து மட்டும் வுடு."

"போலீசு வந்து பேஜாரு பண்ணா?"

"ஒட்டுனது காயணும்னு சொல்லு."

"தூக்கிக் கடாசிட்டா?"

"நீ இல்லாம எவன் தொடுவான் உன் படக?"

அது உண்மை. இந்தக் குப்பத்தில் தகராறு என்றால் ஆளை அடிப்பார்கள். உடையவன் இல்லாமல் படகில் கை வைக்க மாட்டார்கள். மாமா தலையைச் சொறிந்தார். பிறகு குறுக்கே போட்டார்.

ஜூலை 13, ஞாயிறு

பூசை முடிந்து வந்தால் தெரு வேறு மாதிரி. இரண்டு டிரெய்லர்கள் மூக்கை நீட்டிப் பார்த்துவிட்டுப் பின்வாங்கின. நடுத்தெருவில் பிள்ளைகள். சத்தம் குறைந்ததில் பக்கத்து வீட்டு சீரியல் வசனம் முழுதும் காதில் விழுகிறது. அது ஒரு தொல்லை.

அப்புறம் தண்ணீர் லாரி வந்தது. அதுவும் நுழையாது. யாரும் யோசிக்கவில்லை, நான் உட்பட. படகைச் சுற்றிக் குடங்கள். எதிர்வீட்டு மேரி அக்கா சண்டைக்கு நின்றாள்.

"ஏம்மா ரீட்டா, நீ சைக்கிள்ல சொகமா போறதுக்கு நான் குடத்த தூக்கிகினு தெரு முழுக்க நடக்கணுமா?"

"படக எடுத்துடச் சொல்றேன்கா" என்றாள் அக்கா, தரையைப் பார்த்து. அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்.

மேரி அக்காவின் சின்னவன் நடுத்தெருவில் உட்கார்ந்து ஒரு செருப்பை பஸ்ஸாக ஓட்டிக்கொண்டிருந்தான். அவள் அவனையே பார்த்தாள். குடத்தை இடுப்பில் ஏற்றினாள்.

"தண்ணி ஒரு நாள் வுட்டு ஒரு நாள் வருது. அந்த டிரெய்லர் சனியன் தெனம் வருது. கெடக்கட்டும் படகு."

அப்பா சைக்கிளைப் பூட்டவில்லை. பூட்ட மாட்டேன் என்றும் சொல்லவில்லை.

ஜூலை 16, புதன்

நேற்று மாலை நல்ல மழை. தெருமுனையில் தேக்கம்.

வார்டு ஆபீசில் மறுபடி மனு. தெருமுனையில் இரும்புக் கம்பம், ஒன்று கழற்றி மாட்டுகிற மாதிரி. தண்ணீர் லாரிக்கும் ஆம்புலன்ஸுக்கும் கழற்றலாம். அவ்வளவுதான் கேட்டேன். வாங்கி வைத்துக்கொண்டார்கள். "பாக்கலாம்."

மாமா படகு காய்ந்துவிட்டது. நாளை கடலுக்கு. அது அவர் பிழைப்பு, நாம் பிடித்து வைக்க முடியாது. படகு போனதும் டிரெய்லர்கள் திரும்ப வரும்.

சாயங்காலம் அக்கா துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு கிளம்பினாள். கரையில் இன்னும் யார் படகில் விரிசல் என்று கேட்கப் போகிறாளாம். அப்பா எழுந்து சட்டையை மாட்டினார்.

"நீ எங்க நைனா?"

"எந்தப் படகு ஒழுவுதுன்னு உனக்கு இன்னா தெரியும்? நட."