ஏரிப்பூனை

மாசி, 1943. வெள்ளிக்கிழமை இரவு.

பட்டாளத்தில் என் வீட்டுக்காரரோடு ஒரே கூடாரத்தில் இருந்த மணவூர் தேவராஜ், காலில் குண்டு பட்டு எகிப்திலிருந்து திரும்பிவிட்டார். இன்று சாயங்காலம் என்னைப் பார்க்க வந்தார்.

"அங்க அண்ணனுக்கு மீர்காட்னு பேருங்க அண்ணி. தென்னாப்பிரிக்கா சோல்ஜருங்க வச்சது" என்று சிரித்தார்.

அது அந்தச் சோல்ஜர்களுடைய ஊர்ப் பிராணியாம். கீரி ஜாதி. பின்னங்காலில் நிமிர்ந்து நின்று தூரத்தையே பார்த்துக்கொண்டிருக்குமாம்.

"மீர்காட்னா என்ன அர்த்தம்?"

"அவங்க பாஷைல ஏரிப்பூனைங்க. ஆனா ஏரிலயும் இருக்காது, பூனையும் இல்ல. ஹாலந்துக்காரங்க ஏதோ ஒரு கொரங்குக்கு வச்சிருந்த பேராம். கப்பலேறி ஆப்பிரிக்கா போனவங்க, இதைப் பாத்துட்டு அதே பேர வச்சிட்டாங்களாம்."

"இவருக்கு ஏன் வச்சாங்க?"

தேவராஜ் அடிபட்ட காலை நீட்டி வைத்துக்கொண்டார்.

"பொழுது சாஞ்சா கூடாரத்துக்கு வெளிய போய் நின்னுகினே இருப்பாருங்க. கிழக்கால பாத்துகினு. சாப்பிடக் கூப்ட்டாலும் திரும்ப மாட்டாரு."

காப்பி கொண்டுவருகிறேன் என்று உள்ளே போய்விட்டேன். எப்போது வருவார் என்று கேட்க நினைத்திருந்தேன். கேட்கவில்லை. தேவராஜுக்கு மட்டும் என்ன தெரியும்?

கட்டிக்கொண்ட நாளிலிருந்து அவர் பேரை நான் வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்லக்கூடாது என்பார் மாமியார். ஆனால் இது அவருக்கு அப்பா அம்மா வைத்த பேரில்லையே. சற்றுமுன் சன்னலருகே நின்று மெதுவாகக் கூப்பிட்டேன். மீர்காட். இன்னொரு தரம் கொஞ்சம் சத்தமாகவே கூப்பிட்டுவிட்டேன்.

"யாரைக் கூப்புடற?" என்றார் மாமியார், படுத்த இடத்திலிருந்தே.

"பூனையத்தாங்க அத்த" என்றேன்.