மூங்கில்பதிக்கு ஏறிய குச்சி ஐஸ்

கணுவாய்
17-1-96

அன்பு மகள் செவ்வந்திக்கு உன் சித்தப்பா கதிரேசன் எழுதுவது. இங்கே நான், உன் சின்னம்மா, இரண்டு வெள்ளாடு, ஒரு முட்டையிடாத கோழி, என் உடம்பில் உள்ள இருநூற்று ஆறு எலும்புகள் எல்லோரும் சுகம். நீ நர்சு என்பதால் எலும்புக் கணக்கையும் சேர்த்து எழுதினேன், ஒன்றும் உடையவில்லை, முழங்கையில் மட்டும் ஒரு சிராய்ப்பு, அதுவும் சாவித்திரி எமனோடு போராடியதைவிடச் சற்றே பெரிய போராட்டத்தில் கிடைத்தது, பின்னால் சொல்கிறேன். அங்கே மஸ்கட்டில் நீயும் உன்னோடு தங்கியிருக்கும் பிள்ளைகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறோம். இங்கே பொங்கல் நன்றாகப் போயிற்று. மழை இந்த வருடம் நம்மை மறக்கவில்லை, கிணற்றில் தண்ணீர் கைக்கு எட்டுகிறது. பாலுசாமி மாமன் மகளுக்கு அவிநாசியில் மாப்பிள்ளை பேசியிருக்கிறார்கள், பையனின் மீசையைப் பார்த்தால் தனியாக ஒரு ரேஷன் கார்டு வாங்கலாம் போலிருக்கிறது, மற்றபடி தங்கமான பையன்.

மோட்டார் சைக்கிள் பற்றி நான் ஒரு வரி எழுதியதற்கு உன் பதில் கடிதம் பொங்கலுக்கு நான்கு நாள் முன்பு வந்து சேர்ந்தது. ஐம்பத்திரண்டு வயதில் மலையேறுகிற மோட்டார் சைக்கிள் எதற்கு, மொபெட் போதாது என்றால் நல்ல ஸ்கூட்டராக ஒன்று வாங்கி சமதரையில் ஓட்டுங்கள், இடுப்பை உடைத்துக்கொண்டால் என்னால் லீவு போட்டு வர முடியாது என்று எழுதியிருந்தாய். அதைச் சின்னம்மா மூன்று தரம் படிக்கச் சொல்லிக் கேட்டாள். நான்காவது தரம் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. எங்களுக்குப் பிறக்காமல் வந்து சேர்ந்த ஒரே மகள் நீ, உன் பேச்சைத் தட்ட எனக்கு மனம் வராது. ஆனால் நடந்தது முழுவதும் தெரிந்தால் நீயே முதலில் மாறிப் பேசுவாய் என்பதால் எல்லாவற்றையும் எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

போன மாதம் ஒன்பதாம் தேதி நாடு முழுவதும் ஒரே நாளில் குழந்தைகளுக்குப் போலியோ சொட்டு மருந்து கொடுத்தார்கள் அல்லவா. எனக்கு, அதாவது இந்தச் சுகாதார ஆய்வாளருக்கு, மலைமேல் மூங்கில்பதி. தார் ரோட்டை விட்டு இறங்கினால் ஆறு கிலோமீட்டர், நடுவில் ஒரு ஓடை, கடைசியில் கரடிப்பாறை ஏற்றம். அந்த ஏற்றத்தை நீ பார்த்ததில்லை. அதைப் பார்த்துவிட்டுத்தான் இமயமலை வெட்கப்பட்டு வடக்கே போய் நின்றுகொண்டது. நம்முடைய மொபெட் சமதரையில் இந்திரன் ஏறுகிற ஐராவதம், மறுப்பதற்கில்லை, பதினான்கு வருடம் என்னைச் சுமந்திருக்கிறது. ஆனால் கல்லும் மேடுமாக வந்தால் சினையாடு மாதிரி உட்கார்ந்துகொள்ளும், அதற்காகப் படைத்த வண்டி இல்லை அது, அதன்மேல் தப்பில்லை. தோளில் மருந்துப் பெட்டி, கையில் மொபெட், தலையில் வெயில் என்று தள்ளிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்று. பெட்டியைத் திறந்தால் உள்ளே ஐஸ் இல்லை, தண்ணீர்தான் குலுங்கியது. ஐஸ் கரைந்த மருந்தைக் கொடுக்கக்கூடாது, உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. காலையில் இருந்து பதினொரு குழந்தைகளைத் தூக்கி வைத்துக்கொண்டு மரத்தடியில் உட்கார்ந்திருந்தார்கள் அம்மாக்கள். அன்றைக்குச் செங்கல் சூளை வேலைக்கும் போகவில்லை. மருந்து கெட்டுப்போயிற்றுங்க, போய்ட்டு வாங்க என்று நான் சொன்னேன். யாரும் கோபிக்கவில்லை. ஏழு மாதக் குழந்தையை வைத்திருந்த பொற்கொடி என்ற பெண் மட்டும், பரவாயில்லீங்க, தண்ணி குடிச்சுபோட்டு எறங்குங்க, மொகமெல்லாம் செவந்து கெடக்குது என்று எனக்குச் சொம்பில் தண்ணீர் கொடுத்தாள். கண்ணு, திட்டியிருந்தால் தின்று ஏப்பம் விட்டிருப்பேன். அந்தத் தண்ணீர்தான் இறங்கவில்லை.

எங்கள் டாக்டரம்மா நல்லவர், கணக்குப் பார்த்துச் சொன்னார். ஜனவரி இருபதாம் தேதி இரண்டாம் சுற்று, அதற்கும் ஐஸோடு ஏற முடியாது என்றால் மூங்கில்பதியை ரோட்டோர முகாமோடு சேர்த்துவிடலாம், தாய்மார்கள் இறங்கி வரட்டும் என்றார். வரமாட்டார்கள் கண்ணு. முன்பு ஒரு தடவை ஊசி போட அப்படிக் கூப்பிட்டதற்கு இரண்டே பேர்தான் வந்தார்கள். பிள்ளையைச் சுமந்துகொண்டு ஆறு கிலோமீட்டர் இறங்கி மறுபடி ஏறச் சொன்னால் யார்தான் வருவார்கள். ஆகவே இருபதாம் தேதிக்குள் அந்த ஏற்றத்தை ஏறுகிற வண்டி ஒன்று வேண்டும், அல்லது மூங்கில்பதியைப் பட்டியலில் இருந்து அடிக்க வேண்டும். நீ சொன்ன ஸ்கூட்டர் இரண்டில் எதற்கும் உதவாது.

இப்போது மோட்டார் சைக்கிள் எப்படி வந்தது என்று கேள். நான் ஒன்றும் வாங்கப் போகவில்லை. மொபெட்டுக்குப் பிளக் துடைக்க உக்கடத்தில் மெக்கானிக் அப்துல் நாசர் கடைக்குப் போனேன். பேச்சுவாக்கில் கரடிப்பாறை ஏற்றத்தைப் பற்றிச் சொன்னேன், கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன், என் சுபாவம் உனக்குத் தெரியும். மூலையில் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கிடந்தது. மரியாதைக்கு, நல்ல வண்டீங்க என்று சொல்லிவைத்தேன். அடுத்த வாரம் போனால் அதன் சைலன்சர், ஓடைத் தண்ணீர் புகாதபடி ஆட்டுக் கொம்பு மாதிரி மேலே தூக்கி நின்றது. அவர் மனம் நோகக்கூடாதே என்று, பிரமாதமுங்க என்றேன். அதற்கடுத்த வாரம் பின்சக்கரத்தில் சங்கிலி ஓடும் பல்சக்கரம் பெரிதாகி இருந்தது, வேகம் குறையுமுங்ணா, ஆனா இழுவை யானை மாதிரி என்றார். நான் இன்னும் பெரிதாகப் புகழ்ந்தேன். அதற்குப் பலனாக முண்டுமுண்டாகப் பல்வைத்த டயர் வந்தது, கல்லில் அடிபடாமல் எஞ்சினுக்கு அடியில் இரும்புத் தகடு வந்தது, என் கால் தரைக்கு எட்டாது என்று சீட்டின் பஞ்சை இரண்டு அங்குலம் செதுக்கியும் விட்டார். நான் புகழப் புகழ அவர் சேர்க்க, அவர் சேர்க்கச் சேர்க்க நான் புகழ, இந்த வண்டி யாருக்குங்க என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை, உங்களுக்குத்தானுங்க என்று சொல்ல அவருக்கும் வாய் வரவில்லை. கோயமுத்தூர்க்காரர்கள் இரண்டு பேர் மரியாதையாகப் பேசிக்கொண்டே இருந்தால் அணுகுண்டே தயாராகிவிடும் என்பதை நான் அன்றுதான் கண்டேன்.

சின்னம்மாவிடம் சொன்னேன். அவள் உன் கட்சி. சென்னிமலை போய் முருகனிடம் பூவைத்து உத்தரவு கேட்டு முடிவு செய்யலாம் என்றாள். தாராளமாகக் கேட்கலாம், ஆனால் மாட்டுவண்டியையே மலைப்படி ஏறவைத்த முருகன் எந்தப் பக்கம் பேசுவார் என்று யோசித்துக்கொள் என்றேன். அதோடு அந்தப் பேச்சை விட்டுவிட்டாள். பிறகு அவளே ஒரு வழி சொன்னாள். நாசர் பாய் ஒரு நாளைக்கு வண்டி தந்தால் ஓட்டிப் பார்ப்போம், ஐஸ் கரையாமல் மேலே போனால் வாங்கிக்கொள்ளுங்கள், கரைந்தால் டாக்டரம்மா சொன்னபடி செய்யுங்கள் என்றாள். நல்லது என்றேன். அப்புறம்தான் வெடியைப் போட்டாள். நானும் பின்னாடி ஏறி வாரேனுங்க, உங்களத் தனியா உட்டா ஐஸ் கரைஞ்சு ஆறா ஓடினாலும் பாறையாட்டம் இருந்துச்சுன்னு வந்து கதை சொல்லுவீங்க, நானே கண்ணால பாக்கோணும் என்றாள். இருபத்தேழு வருடக் குடித்தனத்தில் என் வாய்க்குக் கிடைத்த பட்டம் இது.

பொங்கலுக்கு முந்தின நாள், காப்புக்கட்டு அன்று, நாசர் பாய் ஒரு நாளைக்குத் தந்த வண்டியில் காலை எட்டு மணிக்குப் புறப்பட்டோம். ஹேண்டில்பாரில் வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துச் சின்னம்மா கட்டிவிட்டாள். மருந்தை வைத்துச் சோதனை செய்ய முடியாது, அதனால் ஆபீசில் கழித்துப்போட்ட பழைய பெட்டி ஒன்றில் துடியலூர் ஐஸ் கம்பெனியில் இருந்து இருபது குச்சி ஐஸ் வாங்கி அடுக்கினோம். நல்ல பெட்டியைத் தொடவில்லை, நீ பதறாதே. வேட்டியை அவிழ்த்துப் பேண்ட் போட்டேன், அதற்கே நான்கு நாய் குரைத்தது. தார் ரோட்டில் அந்த டயர் போட்ட சத்தத்தில் தடாகம் பக்கத்துத் தேனீ எல்லாம் எங்கள் பின்னால் சொந்தம் கொண்டாடி வந்திருக்கும். மொபெட் மூச்சுவாங்கிய முதல் மேட்டை வண்டி கவனிக்கவே இல்லை. ஓடையில் முழங்கால் தண்ணீர், நடுவில் நிற்குமோ என்று நான் முருகனைக் கூப்பிட வாயைத் திறப்பதற்குள் அக்கரையில் இருந்தோம். நான் மகாராஜா ஆகிவிட்டேன். அந்த நினைப்போடுதான் கரடிப்பாறை ஏற்றத்தில் விட்டேன். பாதியில் முன்சக்கரம் எழுந்து சூரியனைப் பார்த்தது. திரும்பிப் பார்த்தால் பின்சீட்டில் ஆள் இல்லை. பெட்டியை மார்போடு கட்டிக்கொண்டு உன் சின்னம்மா பாதையில் உட்கார்ந்திருந்தாள், அதைப் பார்த்த அதிர்ச்சியில் நான் சாய்ந்தேன், முழங்கைச் சிராய்ப்பு இந்த வகையில் வந்ததுதான். அவளுக்கு ஒரு கீறல் இல்லை. எழுந்து புடவையைத் தட்டிவிட்டு, ஏனுங்க, நீங்க இரும்பக் கூட்டியாங்க, நான் ஐஸக் கூட்டிட்டுப் போறேன் என்று பெட்டியைத் தலையில் வைத்து நடந்துவிட்டாள்.

நான் தனியாக நின்றேன். வண்டி இரண்டு முறை அணைந்தது. மேட்டுல உக்காராதீங்ணா, மிதியில எந்திரிச்சு நில்லுங்க, ஒடம்ப முன்னால குடுங்க என்று நாசர் பாய் சொன்னது அப்போதுதான் நினைவு வந்தது. எழுந்து நின்று கைப்பிடியை முறுக்கினேன். கல் சிதறியது, வண்டி ஒரு தடவை யானைக்கன்று மாதிரி முரண்டு பிடித்தது, அப்புறம் ஏறியது செவ்வந்தி, ஏறியே விட்டது. மேலே போனால் சின்னம்மா ஒரு பாறையில் உட்கார்ந்து முந்தானையால் விசிறிக்கொண்டிருக்கிறாள். எனக்கு முன்னாலேயே வந்துவிட்டாள். போச்சு, கால் போதுமே, இரும்பு எதற்கு என்று கேட்கப்போகிறாள் என்று தலையைக் குனிந்துகொண்டேன். அவள் என் கைக்கடிகாரத்தைத் திருப்பிப் பார்த்தாள். மணி ஒன்பது நாற்பது, மொபெட்டோடு வந்த நாளில் ஒன்று. நடங்க, பொட்டியத் தொறக்கலாம் என்றாள்.

மூங்கில்பதியில் எல்லோரும் கூடிவிட்டார்கள். மருந்து இல்லீங்க, ஒத்திகைதானுங்க என்று சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தேன். சின்னம்மாதான் முதலில் ஒன்றை எடுத்துப் பெட்டி விளிம்பில் தட்டினாள். டொக்கென்று கேட்டது. இருபதும் கல். பெரிய பிள்ளைகளுக்குக் கொடுத்தோம். ஒரு பெண் குழந்தை நாக்கில் வைத்துவிட்டு, அம்மா சுடுது என்று கத்தியது, ஆனால் ஐஸைக் கையிலிருந்து விடவில்லை. பொற்கொடியும் தன் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தாள். அவள் ஐஸ் வாங்கவில்லை, பெட்டிக்குள் விரலை விட்டுக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்தாள். அப்புறம் என்னைப் பார்த்து, அந்த மருந்தும் இப்படியே வருமுங்களா என்று கேட்டாள். என் வாயில் எத்தனையோ பெரிய பேச்சு இருந்தது. வருமுங்க என்று மட்டும் சொன்னேன்.

இறங்கும்போது ஓடை தாண்டியதும் சின்னம்மா என் தோளைத் தட்டி, இன்னும் பத்து வாட்டி ஏறினாப் பழகிருமுங்க, வாங்கிப்போடுங்க, ஆனா அந்த ஏத்தத்துல நான் எறங்கிக்குவேன், பொட்டி எங்கிட்ட இருக்கோணும் என்றாள். பொங்கல் முடிந்து இன்று காலை நாசர் பாயிடம் போய் வண்டியை எடுத்துக்கொள்கிறேன் என்று ஒருவழியாக வாயைத் திறந்து சொன்னேன். அப்பாடா, இந்த வார்த்தைய நீங்க சொல்லாம எங்க போயிருவீங்களோன்னு நானும் ராத்திரியெல்லாம் ரோசன பண்ணிட்டிருந்தேனுங்ணா என்றார். விலை எங்களுக்குள் மரியாதையாக முடிந்துவிட்டது, நீ ஒன்றும் அனுப்ப வேண்டாம். டாக்டரம்மாவும் சின்னம்மா பெயரைத் தொண்டர் பட்டியலில் எழுதிவிட்டார். ஆகவே இனி நான் தனியாகப் போய் இடுப்பை உடைத்துக்கொள்வேன் என்று நீ பயப்படத் தேவையில்லை, உடைந்தால் பக்கத்திலேயே சாட்சி இருக்கும்.

நீ ராத்திரி டூட்டி முடித்து வந்ததும் தூங்கு, படித்துக்கொண்டு கிடக்காதே. வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. மாரியாத்தாள் உன்னை நல்ல இடத்தில் நல்லபடியாக வைப்பாள், நீ நினைத்ததெல்லாம் கைகூடும், நீண்ட ஆயுளோடு நூறு பிள்ளைகளுக்கு ஊசி போட்டு நல்ல பேர் எடு. கடைசியாக ஒன்று. உனக்கு இந்தக் கடிதம் இருபதாம் தேதி கழித்துத்தான் வந்து சேரும், ஆனாலும் எழுதுகிறேன். நீ இதைப் படிக்கும் நேரம் பொற்கொடியின் குழந்தை வாயில் இரண்டு சொட்டு விழுந்திருக்கும் என்று வைத்துக்கொள். விழுந்ததா என்று உன் சின்னம்மாவைக் கேட்டு எழுது, என்னைக் கேட்காதே, நான் இருபது சொட்டு என்பேன்.

இப்படிக்கு
உன் சித்தப்பா
சு. கதிரேசன்

(சின்னம்மா சொல்லச் சொன்னது: ஐஸ் கரையவில்லை என்பது உண்மைதான், நான் பார்த்தேன்.)